உன் ஓசை எது?

(ஆலைத் தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு. பேச்சு தொடங்கும் முன், ஜேலின் என்ற அமெரிக்க இசைக் கலைஞரின் முதல் இசைத்தட்டிலிருந்து இரண்டு உருப்படிகள் பெரிய ஒலிபெருக்கியில் போடப்பட்டன.)



இப்போது நாம் கேட்டது பாட்டா, வெறும் சத்தமா என்று முன்வரிசையில் ஒரு வாக்குவாதமே நடக்கிறது. நடக்கட்டும். சண்டை மூட்டாத இசையைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டம் தேவையில்லை.

ரிங் பிரேமில் முப்பது வருஷம் நின்ற பெரியவர் ஒருவர் சற்று முன் என் காதோடு சொன்னார்: "தம்பி, ராத்திரி பூரா சத்தத்திலேதான் நிக்கிறோம். லீவு நாளிலாவது ஒரு நல்ல பாட்டுப் போடக்கூடாதா?" அவர் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா வயல் வேலை செய்கிறவர். அவர் சொன்னது வேறு: "காலு தானா எட்டு வைக்கப் போவுது. ஆனா எங்க வைக்கிறதுன்னு தெரியலியே!"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். இரண்டு பேருக்கும் பதில் சொல்வதுதான் இன்றைய என் பேச்சு. பெரியவரின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அந்த அம்மா சொன்ன விஷயம் இந்த இசையின் உயிர்நாடி. அதை வழியிலேயே பார்ப்போம்.

முதலில், இதை உண்டாக்கியவர் யார்? ஜேலின் என்பது அவர் இசைக்காக வைத்துக்கொண்ட பெயர். இயற்பெயர் ஜெரிலின் பேட்டன். 1987-ல் பிறந்த கறுப்பினப் பெண். சொந்த ஊர் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்திலுள்ள கேரி. 2015 மார்ச்சில் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் 'டார்க் எனர்ஜி', அதாவது இருண்ட ஆற்றல். அது வெளிவந்த நாளில் அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் தெரியுமா? உருக்காலையில் தொழிலாளி. ஷிப்டு முடிந்து வீடு திரும்பி, கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, தூங்க வேண்டிய நேரத்தில் செய்த இசை இது. இசைக் கல்லூரி இல்லை, பெரிய ஸ்டூடியோ இல்லை, பக்கத்தில் ஒரு வாத்தியக்காரர் இல்லை.

ஆகவே பெரியவரே, இது சத்தம் என்னவென்று தெரியாத சீமாட்டி ஒருத்தி செய்த சத்தமல்ல. உங்களைப் போலவே சத்தத்தில் நின்றவர் செய்தது.

முதலாளி பெயரில் ஓர் ஊர்

கேரி என்ற ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊரைத் தெரிந்துகொள்ளாமல் இந்த இசையின் கனத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

மிச்சிகன் ஏரியின் தென்கரையில், வெறும் மணல் மேடாகவும் சதுப்பு நிலமாகவும் கிடந்த இடத்தில், 1906-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பெனி ஓர் ஊரைக் கட்டியது. ஆலைக்காக ஊர், ஊருக்காக ஆலையல்ல. கம்பெனித் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். பிள்ளைக்குத் தகப்பன் பெயர் வைப்பதுபோல் ஊருக்கு முதலாளி பெயர்!

அந்தக் காலத்தில் அமெரிக்க உருக்குத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தினம் 12 மணி நேரம் உலைக்கு முன் நின்றார்கள். பகல் ஷிப்டு இரவு ஷிப்டாக மாறும் நாளில் 24 மணி நேரம் தொடர்ந்து நிற்பதும் உண்டு. 1919 செப்டம்பர் 22-ல் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். நாடெங்கும் மூன்றரை லட்சம் பேர் அளவில் வெளியே வந்தார்கள். எட்டு மணி நேர வேலை, சங்கத்துக்கு அங்கீகாரம்: இவைதாம் முக்கியமான கோரிக்கைகள். சங்கத்தோடு பேசவே மாட்டேன் என்றார் எல்பர்ட் கேரி. அக்டோபரில் அவர் பெயர் தாங்கிய ஊருக்குள் ராணுவம் வந்து இறங்கியது. 1920 ஜனவரியில் வேலை நிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

ஏன் தோற்றது? துப்பாக்கி ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் நாம் மறைக்கலாகாது. அன்று பல தொழிற்சங்கங்கள் கறுப்புத் தொழிலாளர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தன. கம்பெனிகள் அந்த விரிசலைக் கண்டுகொண்டன. ஆயிரக்கணக்கான கறுப்பர்களையும் மெக்சிகோ நாட்டவரையும் கொண்டுவந்து, வேலை நிறுத்தக்காரர்களின் இடத்தில் நிறுத்தின. உள்ளே விடாதவனை எதிரி உபயோகித்துக்கொள்வான் என்பது அன்று கற்ற விலை உயர்ந்த பாடம். 12 மணி நேர வேலை 1923-ல்தான் ஒழிந்தது. யு.எஸ். ஸ்டீல் சங்கத்தை அங்கீகரிக்க 1937 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து வந்த கறுப்பர்கள் கேரியில் நிலைத்தார்கள். ஆலைக்குள் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அனல் மிகுந்த, அழுக்கு மிகுந்த, ஆபத்து மிகுந்த வேலை. வெளியே ஒதுக்கப்பட்ட தெருக்கள். அப்படியும் அந்தத் தெருக்கள் இசையைப் பெற்றன. உலகமே அறிந்த மைக்கேல் ஜாக்சன் 1958-ல் பிறந்தது இந்தக் கேரியில்தான். அவர் தகப்பனார் உருக்காலையில் கிரேன் ஓட்டியவர்.

1960-ல் இந்த ஊரின் ஜனத்தொகை 1,78,320. 2020-ல் 69,093. ஆலை மூடிவிட்டதா? இல்லை, மூடவில்லை. ஆட்கள்தான் குறைந்தார்கள். 1970 வாக்கில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த ஆலையில் 1990 வாக்கில் ஏறக்குறைய ஆறாயிரம் பேரே இருந்தார்கள். வெளிநாட்டு உருக்கின் போட்டி, புதிய இயந்திரங்கள், வசதி உள்ள வெள்ளையர் ஊரை விட்டு அகன்றது, கடைகள் அவர்கள் பின்னாலேயே போனது, எல்லாம் சேர்ந்தன. தெருத்தெருவாக வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. கடைசியில் 2025 ஜூனில் யு.எஸ். ஸ்டீல் கம்பெனியையே ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கிவிட்டது. ஊருக்குப் பெயர் கொடுத்தவரும் இல்லை, அவருடைய கம்பெனியும் அன்று இருந்தவர்கள் கையில் இல்லை. ஊர் ஜனங்கள் மட்டும் அங்கே இருக்கிறார்கள்.

அந்த ஊரிலிருந்து வந்த இசை சிரித்த முகத்தோடு வரவில்லை என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

காலால் போடும் சண்டை

கேரியிலிருந்து சிகாகோ நகரம் அதிகத் தொலைவில்லை. இந்த இசையின் தாய்வீடு சிகாகோ.

1977-ல் சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற நடனக் கூடம் திறந்தார்கள். கிடங்கு என்று பொருள். பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் அங்கே இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இழைத்து இரவெல்லாம் ஓட்டுவார். வந்தவர்களில் பெரும்பாலோர் வேறெங்கும் மரியாதை கிடைக்காத கறுப்பு இளைஞர்கள். அங்கே வளர்ந்த இசைக்கு 'ஹவுஸ்' என்று பெயர் நிலைத்தது. அதன் பேரப்பிள்ளைதான் 'புட்வொர்க்' என்ற இசை. பாதவேலை என்று சொல்லலாம்.

சிகாகோவின் ஏழைப் பகுதிகளில் இளைஞர்கள் வட்டமாக நிற்பார்கள். ஒருவன் நடுவில் வருவான். இடுப்புக்கு மேலே அசைவு குறைவு. கால்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பின்னும். அவன் முடித்ததும் எதிர்க் கோஷ்டியிலிருந்து இன்னொருவன் வருவான். கத்தியில்லை, கம்பில்லை, காலால் போடும் சண்டை. இந்த ஆட்டத்துக்கென்றே இசை பிறந்தது. நிமிஷத்துக்கு 160 அடி அதன் வேகம். ஆர்.பி. பூ என்ற கலைஞர் 1997-ல் செய்த உருப்படியை அதன் முதல் படிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். டி.ஜே. ரஷாத் அதை உலகத்துக்கு எடுத்துப் போனவர். 2014-ல், 34 வயதில் இறந்துபோனார். ஜேலினுக்கு வழிகாட்டியாக இருந்தவர்களில் ஆர்.பி. பூ முக்கியமானவர்.

இவர்களிடம் என்ன வாத்தியம் இருந்தது? பியானோ வாங்கப் பணமில்லை. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-ல் 808 என்றொரு தாள இயந்திரத்தைச் செய்தது. உண்மையான டிரம் போல் ஒலிக்கவில்லை என்று பலரும் அதை ஒதுக்கினார்கள். ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் செய்ததோடு 1983-ல் நிறுத்திவிட்டார்கள். அது பழைய சாமான் கடைக்கு வந்தது. விலை விழுந்தது. ஏழைப் பையன்கள் கைக்கு எட்டியது. அந்த இயந்திரத்தின் அடிநாதம், தரையையே தள்ளுகிற அந்தக் கனத்த 'தும்', இன்று உலகம் முழுவதும் கேட்கிறது. பணக்காரன் வேண்டாமென்று எறிந்ததை ஏழை எடுத்துத் தன் குரலாக்கிக்கொண்டான்.

அடிநாதம் என்பது என்ன?

மைக் செட்காரர்கள் 'பேஸ்' என்று சொல்வார்களே, அதுதான் இந்த இசையின் முதுகெலும்பு. சாதாரணமாகப் பாட்டில் குரல் முன்னால் நிற்கும், மற்றவை துணைக்கு நிற்கும். இங்கே அடிநாதமே முன்னால் நிற்கிறது.

முதன்முதல் நான் இதைக் கைப்பேசியில் கேட்டேன். தகர டப்பாவில் கடலை உருட்டியது போலிருந்தது. ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். 'இதையா இவ்வளவு பேர் புகழ்கிறார்கள்?' என்று எரிச்சல். பிறகு ஒருநாள் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டும் நண்பர் தன் கடையில் ஆளுயரப் பெட்டியில் போட்டுக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நிற்கச் சொன்னார். அப்போதுதான் விளங்கியது. கைப்பேசியில் பாதி இசை வரவேயில்லை!

காரணம் எளியது. சப்தம் என்பது காற்றின் அதிர்வு. நொடிக்கு 50 அதிர்வு உள்ள ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். அவ்வளவு பெரிய அலையைக் கிளப்ப அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். நகத்தளவு ஒலிபெருக்கியால் அது ஆகுமா? பெரிய பெட்டி தள்ளும்போது அந்த அலை காதில் மட்டும் படுவதில்லை. நெஞ்சிலும் உள்ளங்காலிலும் படுகிறது. தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தரை பேசுவதைக் கால் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த அம்மா சொன்னதற்கு வருகிறேன். கால் ஆடப் பார்க்கிறது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்றார். ஏன் அப்படி? மேலே ஓடும் சின்னத் தாளங்கள் நிமிஷத்துக்கு 160 வேகத்தில் ஓடுகின்றன. கீழே அடிநாதமோ பல இடங்களில் பாதி வேகத்தில், 80 என்ற கணக்கில் நடக்கிறது. 80 என்பது மனித இதயத்தின் சாதாரண வேகம். ஓடுவதும் நடப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எதனோடு போவது என்று கால் கேட்கிறது. இது போதாதென்று ஜேலின் இன்னொரு வேலையும் செய்கிறார். நான்கு நான்காகப் போகிற கணக்குக்குள் மூன்று மூன்றாக அடிகளைச் செருகுகிறார். 'தும்' வரும் என்று நாம் காத்திருக்கும் இடத்தில் ஒன்றுமே வைக்காமல் விடுகிறார். மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? அதுபோல. எதிர்பாராத இடத்தில் அது வந்து விழும்.

ஆகவே அந்த அம்மா குழம்பியது அவர் குறையல்ல. குழம்ப வேண்டிய இடத்தில்தான் குழம்பினார். சரியாகக் கேட்டிருக்கிறார்!

தாயின் கேள்வி

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டத்துக்கு வருகிறேன்.

புட்வொர்க் கலைஞர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு வரியை வெட்டி எடுத்து, துண்டு துண்டாக்கி, திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். இதை நான் திருட்டு என்று சொல்லமாட்டேன். வாத்தியம் இல்லாதவன் தன் வீட்டிலிருந்த இசைத்தட்டையே வாத்தியமாக்கிக்கொண்டான். அதிலே பெரிய கலை வளர்ந்தது. ஜேலினும் அப்படித்தான் தொடங்கினார். பிரபலமான பாடகி ஒருவரின் பாட்டை வெட்டி ஒட்டி ஓர் உருப்படி செய்தார். தன் தாயாருக்குப் போட்டுக் காட்டினார்.

தாயார் கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இது இன்னொருவர் ஓசை, உன் ஓசை எது?

தோழர்களே, ஒரு கலைஞருக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் கிடையாது. வெளியார் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். தாய் கேட்டபோது பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அதன் பிறகு ஜேலின் பிறர் பாட்டின் மேல் கட்டுவதைக் கைவிட்டார். ஒவ்வொரு அடியையும் தானே அமைத்தார். ஒவ்வொரு சப்தத்தையும் தானே தேர்ந்து, தானே அளந்து வைத்தார். எஃப்.எல். ஸ்டூடியோ என்ற சாதாரணக் கம்ப்யூட்டர் நிரல்தான் கருவி. வீட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கிப் பழகுகிற கருவி அது.

இங்கிலாந்தில் மைக் பரடினாஸ் என்ற இசைக் கலைஞர் 'பிளானட் மு' என்ற சிறு இசைத்தட்டு வெளியீட்டை நடத்துகிறார். சிகாகோ இசையை 2010-லும் 2011-லும் இரண்டு தொகுப்புகளாக அவர் வெளியிட்டார். இரண்டாவது தொகுப்பில் ஜேலினின் உருப்படிகள் இடம்பெற்றன. அவற்றில் ஒன்று 2014-ல் பாரிஸ் நகரத்து ஆடை அலங்காரக் காட்சி ஒன்றில் ஒலித்தது. விலை உயர்ந்த உடுப்பு அணிந்தவர்கள் நடந்துபோக, உருக்காலைத் தொழிலாளியின் தாளம்! உலகத்தின் கோலத்தைப் பாருங்கள். பாரிஸில் தாளம் ஒலித்தபின்பும் தொழிலாளி ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு முழு இசைத்தட்டு வந்தது.

பதினொரு உருப்படிகள்

'டார்க் எனர்ஜி'யில் பதினொரு உருப்படிகள். சந்தோஷமான இடத்திலிருந்து இதைச் செய்யவில்லை, மனத்தின் இருண்ட அடியிலிருந்தே செய்தேன் என்று பொருள்பட அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

முதல் உருப்படியின் பெயர் கறுப்பு நடன நாடகம் என்று பொருள்படும். மேல்நாட்டு இசை நாடகத்தில் பாடுவது போன்ற ஓங்கிய குரல் ஒன்று அதில் வருகிறது. அதன் அடியில் தாளம் கொதிக்கிறது. மாளிகையும் உலைக்களமும் ஒரே அறையில் சந்திப்பது போலிருக்கும்.

மூன்றாவது உருப்படியின் பெயர் 'குவாண்டனாமோ'. 2002 ஜனவரியில் அமெரிக்க அரசு கியூபா மண்ணிலுள்ள தன் ராணுவத் தளத்தில் திறந்த சிறைச்சாலையின் பெயர் அது. விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் மனிதர்களை அடைத்து வைத்த இடம். இந்த உருப்படியில் பிரசங்கம் கிடையாது. அலறல், மிரட்டும் பேச்சுத் துண்டுகள், மூச்சுவிட இடமில்லாத அடிகள். இந்தப் பெயரை வைத்துவிட்டு இந்த ஓசையை வைத்தால் போதும். கேட்பவனுக்கு மீதி விளங்கும்.

இன்னொன்றின் பெயர் 'மன்சா மூசா'. 14-ம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டை ஆண்டவர். 1324-ல் அவர் மெக்காவுக்கு யாத்திரை போனபோது கொண்டுபோன தங்கத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அடிமைகளாகக் கப்பலில் வந்தவர்களின் பேத்தி, சங்கிலிக்கு முந்திய சரித்திரத்தையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறார் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். 'எக்ஸ்பாண்ட்' என்ற உருப்படியில் ஹோலி ஹெர்ண்டன் என்ற மற்றொரு பெண் கலைஞரும் சேர்ந்துகொண்டார். கம்ப்யூட்டர் இசையில் பெயர் எடுத்தவர் அவர்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் பாடும் வரிகள் கிடையாது. தாளமே பேச்சு. ஏதோ ஒரு சின்ன அடி வலப்பக்கம் தட்டும், உடனே இடப்பக்கம் பதில் வரும், நடுவே அடிநாதம் வந்து இரண்டையும் அடக்கும். சில சமயம் அதுவும் அடங்கிவிடும்.

மூன்று ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம்: "பாட்டில் சொல்லில்லையே, தொழிலாளிக்கு இதனால் என்ன பயன்?" சொல்லுக்குச் சக்தி உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சொல்லில்லாத கோபம், சொல்லில்லாத துக்கம் நமக்கு இல்லையா? இழவு வீட்டில் பறை ஒலிக்கும்போது அதற்குப் பொழிப்புரை கேட்கிறோமா? கை சொல்வதை நெஞ்சு வாங்கிக்கொள்கிறது.

இரண்டாவது ஆட்சேபம்: "இதைக் கேட்கிறவர்கள் யார்? பெரிய நகரத்துப் படித்தவர்கள்தானே!" இது கனமான ஆட்சேபம். உண்மையும் இதில் உண்டு. இந்த இசைத்தட்டை முதலில் தூக்கிப் பிடித்தவர்கள் விமர்சகர்கள். அந்த ஆண்டின் சிறந்த தட்டுகளின் பட்டியல்களில் முன்வரிசையில் வைத்தார்கள். அந்தப் பட்டியல்களால் கேரியில் பாழடைந்த ஒரு வீட்டுக்குக்கூட விளக்கு வரவில்லை. ஓர் இசைத்தட்டு ஓர் ஊரைத் தூக்கி நிறுத்தும் என்று நான் கதை அளக்கமாட்டேன். ஆனால் படித்தவர்கள் கைதட்டினார்கள் என்பதற்காகத் தொழிலாளி செய்த பொருளை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? உருக்கைச் செய்தவனுக்கு உருக்கு சொந்தமில்லை என்கிறார்கள். செய்த இசையும் நமக்கில்லை என்று நாமே சொல்வதா?

மூன்றாவது ஆட்சேபம் பெரியவருடையது. வேலையிலும் சத்தம், ஓய்விலும் சத்தமா?

பெரியவரே, இதற்கு ஒரு சுலபமான பதில் உண்டு. பலர் அதைச் சொல்லியும் இருக்கிறார்கள். உருக்காலையில் வேலை செய்தார், அதனால் உருக்காலைச் சத்தமே இசையாக வந்தது என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சில் ஓர் அவமானம் ஒளிந்திருக்கிறது. டாக்டர் பாட்டு எழுதினால் ஆஸ்பத்திரிச் சத்தம் என்கிறோமா? தொழிலாளி என்றால் மட்டும் அவன் மண்டைக்குள் இயந்திரத்தின் எதிரொலியைத் தவிர வேறொன்றும் இருக்காது என்று எண்ணுகிறார்கள். தொழிலாளிக்குக் கற்பனை உண்டு, கணக்கு உண்டு, சரித்திரம் உண்டு, இருட்டும் உண்டு.

ஆலைச் சத்தத்துக்கும் இந்த இசைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள். ஆலையில் இயந்திரத்தின் தாளம் மாறாது. நேற்று எப்படியோ அப்படியே இன்று. அந்தத் தாளத்தை வைத்தவர் நீங்கள் அல்ல. அதற்கு நீங்கள் கால் வைக்க வேண்டும், நூல் அறுந்தால் ஓட வேண்டும், இயந்திரம் நிற்கும்போதுதான் நிற்க வேண்டும். இங்கே நடப்பது தலைகீழ். இதுவும் இயந்திரம்தான். ஆனால் தாளத்தை வைப்பவர் அந்தப் பெண். ஓடு என்றால் ஓடுகிறது. நில் என்றால் நிற்கிறது. எந்த இடத்தில் மௌனம் வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர். எந்த ஆலையிலாவது தொழிலாளி இயந்திரத்தைப் பார்த்து, 'இந்த இடத்தில் நீ பேசாதே' என்று சொல்ல முடிந்திருக்கிறதா? பகலெல்லாம் இயந்திரத்துக்கு நேரம் கொடுத்த ஒருவர், இரவில் இயந்திரத்திடமிருந்து நேரத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறார். எனக்கு அந்த மௌனங்கள்தாம் இந்தத் தட்டில் மிகப் பெரிய ஓசை.

இதற்குப் பிறகும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் குற்றமில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. விளங்காதென்று மட்டும் சொல்லாதீர்கள். முப்பது வருஷம் ரிங் பிரேமின் சத்தத்தில் நின்று, எந்த இயந்திரத்தில் கோளாறு என்று காதாலேயே சொல்கிற உங்களுக்கு விளங்காத ஓசை எது?

பிறகு நடந்தது

ஜேலின் பின்னர் ஆலை வேலையை விட்டு இசையையே தொழிலாக்கிக்கொண்டார். 2017-ல் 'பிளாக் ஒரிகாமி' என்ற இரண்டாவது இசைத்தட்டு வந்தது. 2018-ல் பிரிட்டிஷ் நடன அமைப்பாளர் வெய்ன் மெக்ரெகரின் நடனத்துக்கு அவர் அமைத்த இசை வெளியாயிற்று. சிகாகோவின் 'தேர்ட் கோஸ்ட் பெர்கஷன்' என்ற தாள வாத்தியக் குழுவுக்காக அவர் ஓர் உருப்படி செய்தார். நான்கு கலைஞர்கள் கையால் வாசிக்கிற அந்த 'பெர்ஸ்பெக்டிவ்' 2023-ல் புலிட்சர் இசைப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது. அமெரிக்காவில் மிகப் பெரிய மதிப்புள்ள பரிசுகளில் ஒன்று அது. 2024-ல் 'அகோமா' என்ற இசைத்தட்டு வந்தது.

ஒருவர் உயர்ந்தார், ஆகவே எல்லோரும் உயரலாம் என்று இதற்குப் பாடம் சொல்வார்கள். அந்தப் பாடத்தை நான் சொல்லவில்லை. ஷிப்டு முடிந்து வந்து உட்காரச் சக்தியில்லாமல் தூங்கிப்போன எத்தனை பேர் கேரியில் இருந்திருப்பார்கள்! அவர்கள் நெஞ்சிலிருந்த ஓசையை யாரும் கேட்கவில்லை. 1919-ல் எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் கூலிக்காக மட்டும் கேட்கவில்லை. மீதி நேரம் தமக்கு வேண்டுமென்று கேட்டார்கள். அந்த மீதி நேரத்தில் என்னென்ன பிறக்கக்கூடும் என்பதற்கு இந்த இசைத்தட்டு ஒரு சாட்சி.

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. கூட்டம் முடிந்ததும் மூன்றாவது உருப்படியை மறுபடி ஒருமுறை போடப்போகிறோம். இருக்க இஷ்டமுள்ளவர்கள் இருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்று கேளுங்கள். கேட்டபின் சண்டை போடுங்கள். வீட்டுக்குப் போனதும், பாடுகிற பிள்ளையோ தட்டுகிற பிள்ளையோ எழுதுகிற பிள்ளையோ இருந்தால், அந்தத் தாய் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். அதட்டிக் கேட்காதீர்கள், ஆசையோடு கேளுங்கள்.

இது நன்றாக இருக்கிறது. உன் ஓசை எது?